பொய்யர்களுக்கு நடுவே ஒரு விரைவான முடிவு

நான்கு ஊர்களில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்பு, இனியன், கபிலன், வேலன் என்பன அவர்கள் பெயர்கள். நால்வருக்கும் பொதுவான நிதி ஒன்று உண்டு. அதில் இப்போது ஆயிரம் ரூபாய் இருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் நினைத்தபடி எழுதிவிடலாம் அல்லவா? ஆகவே ஆளுக்கொரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். நான்கிலும் அதே வரிகள் அதே வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் நேரில் கூடுவதில்லை; எல்லாம் கடிதம் மூலந்தான். கடிதம் எப்போது போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. போதாக்குறைக்கு நால்வரில் ஒருவர் பொய்யர். அவர் யார் என்பது மற்ற மூவருக்கும் தெரியாது.

அந்த ஆயிரம் ரூபாயைக் கிணறு தூர்வாரச் செலவிடலாம். அல்லது பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றச் செலவிடலாம். இரண்டுக்கும் செலவிட முடியாது. அன்புவின் புத்தகத்தில் 'கிணறு' என்றும் கபிலனின் புத்தகத்தில் 'பள்ளி' என்றும் எழுதப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? கிணற்று வேலைக்காரர் ஓர் ஊரில் பணம் வாங்கிக்கொண்டு போவார். ஓடு விற்பவர் மற்றோர் ஊரில் வாங்கிக்கொண்டு போவார். இல்லாத ஆயிரம் ரூபாய் ஒன்று செலவாகியிருக்கும்.

பிளாக்செயின் என்று செய்தித்தாள்களில் அடிபடுகிறதே, அந்த ஏட்டுத் தொடர் சாரத்தில் இந்த நான்கு கணக்குப் புத்தகங்களேயாகும். நால்வருக்குப் பதிலாக நூறு அல்லது ஆயிரம் கணிப்பொறிகள். தபாலுக்குப் பதிலாக ஒளியிழை. சிக்கல் மட்டும் மாறவில்லை. பொய்யரும் கலந்திருக்கும் கூட்டத்தில் நேர்மையாளர் அனைவரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். அதுவும் விரைவாக வரவேண்டும். எவ்வளவு விரைவாக வரமுடியும், அந்த விரைவுக்கு எதை விலையாகக் கொடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விமானத்தில் பிறந்த சிக்கல்

இது முதலில் பணத்தை ஒட்டி எழுந்த சிக்கலன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம், நாசாவுக்காக விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி அமைப்பொன்றை வடிவமைத்து வந்தது. பறந்துகொண்டிருக்கும்போது கணிப்பொறி பழுதானால் வழியில் நிறுத்திப் பார்க்க முடியாது. எனவே ஒன்றுக்குப் பல கணிப்பொறிகளை வைத்து, பெரும்பான்மை சொல்வதை ஏற்பது என்று திட்டமிட்டார்கள். பெரும்பான்மை என்றால் மூன்று போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லவா? அது போதாது என்று மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷாஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவரும் 1980-இல் வெளிவந்த தம் கட்டுரையில் காட்டினார்கள்.

பழுதான கருவி எல்லாரிடமும் அதே தவற்றைச் சொன்னால் பெரிய தொல்லையில்லை. ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொல்லும்போதுதான் ஆபத்து. உயிரற்ற கருவி இப்படி இரட்டை நாக்குடன் பேசுமா என்று மாணவர்கள் கேட்கலாம். பேசும். ஒரு மின்சுற்றில் 0 வோல்ட் என்றால் 'இல்லை', 5 வோல்ட் என்றால் 'ஆம்' என்று கொள்வோம். பழுதான உறுப்பு ஒன்று இரண்டுங்கெட்டானாக 1.5 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. அதே கம்பியைப் படிக்கும் இரு கருவிகளில் ஒன்று அதை 'ஆம்' என்று கொள்ளும். அமைப்பில் சற்றே வேறுபட்ட மற்றொன்று 'இல்லை' என்று கொள்ளும். இங்கு வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் வஞ்சகன் செய்யக்கூடியதை 1.5 வோல்ட் செய்துவிட்டது.

இதே மூவரும் 1982-இல் எழுதிய கட்டுரையில் இதை ஒரு கதையாக்கினார்கள். பகைவரின் நகரத்தைப் பல படைகள் சூழ்ந்து நிற்கின்றன. தளபதிகள் தூதர் மூலம் பேசி, தாக்குவதா திரும்புவதா என்று ஒன்றுபட்டு முடிவெடுக்க வேண்டும். தளபதிகளில் சிலர் துரோகிகள். லாம்போர்ட் முதலில் இவர்களை அல்பேனியத் தளபதிகள் என்று அழைக்க எண்ணினாராம். அல்பேனியர் யாராவது மனம் புண்படக்கூடும் என்று உடன் பணியாற்றிய ஜாக் கோல்ட்பர்க் எச்சரிக்கவே, மறைந்துபோன பைசாந்தியப் பேரரசின் பெயரைச் சூட்டினார். அன்றிலிருந்து இரட்டை நாக்குப் பழுதுக்குப் 'பைசாந்தியப் பழுது' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஏன் நால்வர்?

நம் நால்வரிடம் திரும்புவோம். பொய்யர் ஒருவர் பதிலே போடாமல் இருந்துவிடலாம். ஆகவே நான்கு கடிதங்களும் வந்தபிறகுதான் செயல்படுவேன் என்பவர் ஆயுள் முழுதும் காத்திருப்பார். மூன்று வந்ததும் அவர் செயலில் இறங்கியாக வேண்டும். ஆனால் வராத அந்த நான்காவது கடிதம் பொய்யருடையதுதானா? அப்படி இல்லாமலும் இருக்கலாம். நேர்மையான ஒருவரின் கடிதம் வழியில் தங்கியிருக்க, கையிலுள்ள மூன்றில் ஒன்று பொய்யருடையதாக இருக்கலாம். அப்போதும் மெய் இரண்டு, பொய் ஒன்று, மெய்தான் மிகுதி. மொத்தமே மூவர்தான் என்றால் இரண்டு கடிதங்களுடன் முடிவெடுக்க வேண்டும். மெய் ஒன்று, பொய் ஒன்று. எது எது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பொய்யரைத் தாங்க நால்வர் வேண்டும். இரு பொய்யரைத் தாங்க எழுவர். பொய்யர் தொகையை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் உறுப்பினர் தொகை கிடைக்கும்.

இதே கணக்கை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். நால்வரிலிருந்து மூவர் மூவராக எந்த இரு குழுக்களை எடுத்தாலும் இருவராவது இரண்டிலும் இருப்பர். அவ்விருவரில் ஒருவராவது நேர்மையாளர். நேர்மையாளர் இருமுறை வாக்களிக்க மாட்டார். ஆகவே 'கிணறு' என்பதற்கு மூன்று வாக்கும் 'பள்ளி' என்பதற்கு மூன்று வாக்கும் ஒருசேர விழ முடியாது. குழுக்கள் ஒன்றையொன்று எத்தனை பேரில் வெட்டிக்கொள்கின்றன என்ற இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இத்துறையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒரு சுற்று வாக்கு போதாது

இரண்டு முடிவுகளுக்கும் மூன்று மூன்று வாக்கு விழ முடியாது என்றால், மூன்று வாக்கைக் கண்டதும் புத்தகத்தில் எழுதிவிடலாமே? எழுதக்கூடாது. ஏன் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வரியையும் முன்மொழிய ஒரு தலைவர் உண்டு. இம்முறை தலைவர் வேலன், பொய்யரும் அவரே. கடிதங்களில் அவரவர் கையொப்பம் உண்டு. அதைப் பிறர் போட முடியாது. வேலன் அன்புவுக்கும் இனியனுக்கும் 'கிணறு' என்று எழுதுகிறார். கபிலனுக்குப் 'பள்ளி' என்று எழுதுகிறார். ஒவ்வொருவரும் தமக்கு வந்ததற்கு வாக்களித்து மற்றவர்களுக்கு எழுதுகிறார்கள். அன்புவிடம் தம் வாக்கு, இனியன் வாக்கு, வேலன் அனுப்பிய வாக்கு என மூன்று 'கிணறு' சேர்ந்துவிட்டன. அவர் புத்தகத்தில் எழுதிப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து அவர் ஊருக்கு வெள்ளம் வந்து தபால் நின்றுவிடுகிறது. அவர் அனுப்பிய வாக்கும் வழியில் தங்கிவிடுகிறது.

மற்ற ஊர்களில் முடிவு எட்டவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் தலைவரை மாற்றுகிறார்கள், கபிலன் தலைவராகிறார். யார் எதற்கு வாக்களித்தீர்கள் என்று கேட்கிறார். இனியன் 'கிணறு' என்கிறார். கபிலன் தாம் அளித்தது 'பள்ளி'. வேலன் கூசாமல் 'பள்ளி' என்கிறார். அன்புவிடமிருந்து பதில் இல்லை. பள்ளி இரண்டு, கிணறு ஒன்று. நேர்மையாளரான கபிலன் பெரும்பான்மைப்படி 'பள்ளி' என்று முன்மொழிகிறார். மூன்று வாக்குகளும் விழுகின்றன. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் புத்தகங்கள் முரண்படுகின்றன. வேலனைத் தவிர எவரும் தவறு செய்யவில்லை.

எங்கே பிசகியது? அன்பு மூன்று வாக்குகளைக் கண்டார். தாம் கண்டதைப் பிறர் அறிவார்களா என்று பார்க்கவில்லை. ஆகவே இரண்டாவது சுற்று ஒன்று தேவைப்படுகிறது. மூன்று வாக்குகளைக் கண்டவர், "கண்டேன்" என்று அவ்வாக்குகளையும் இணைத்து எல்லாருக்கும் எழுத வேண்டும். மூவரிடமிருந்து அத்தகைய "கண்டேன்" கடிதம் கிடைத்தபின்பே புத்தகத்தில் எழுத வேண்டும். இப்போது புதிய தலைவர் எந்த மூவரைக் கேட்டாலும், அவர்களுள் நேர்மையாளர் ஒருவரிடமாவது மூன்று கையொப்பமிட்ட சான்று இருக்கும். எதிரான முடிவுக்கு அத்தகைய சான்று இருக்கவே முடியாது.

முன்மொழிவு, வாக்கு, உறுதி ஆகிய இந்த மூன்று கட்ட முறையை மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்காவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கி 1999-இல் வெளியிட்டார்கள். அதுவரை இவையெல்லாம் நடைமுறைக்கு உதவாத தத்துவம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். இவ்விருவரும் இம்முறைப்படி ஒரு கோப்புச் சேவையை அமைத்து அளந்து பார்த்தபோது, பாதுகாப்பு ஏதுமற்ற வழக்கமான சேவையைவிட அது 3 சதவீதமே மெதுவாக இருந்தது.

வெளிச்சத்துக்கும் நேரம் ஆகும்

அந்த 3 சதவீதம், கணிப்பொறிகள் எல்லாம் அருகருகே இருந்தபோது கிடைத்தது. உலகெங்கும் பரவிய ஏட்டுத் தொடருக்கு அது பொருந்தாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். பூமியில் மிக அதிகத் தொலைவிலுள்ள இரு இடங்களுக்கு இடைப்பட்ட தூரம், தரை வழியே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். வெற்றிடத்து வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒரு செய்தி ஒரு முறை தாவ 0.1 விநாடி. கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. நடைமுறையில் இன்னும் கூடும். மூன்று தாவல் என்றால் 0.3 விநாடி, அதற்குக் கீழே போகவே முடியாது. எவ்வளவு விரைவான கணிப்பொறி வாங்கினாலும் இது குறையாது. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது மனத்துக்கு உகந்த எல்லை. கணினிப் பொறியாளருக்கு அவ்வளவு உகந்ததன்று.

ஆகவே விரைவு வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். "கண்டேன்" சுற்றை விட்டுவிட்டு, வாக்கைக் கண்டவுடன் எழுதும்படி செய்ய முடியுமா? அன்பு செய்த தவற்றைத் தவறில்லாமல் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

ஆட்களைக் கூட்டி நேரத்தைக் குறைத்தல்

முடியும் என்று ஜான்-ஃபிலிப் மார்ட்டினும் லோரென்சோ ஆல்விசியும் 2005-இல் காட்டினார்கள். நால்வருக்குப் பதில் அறுவரை வையுங்கள். மூன்று வாக்குக்குப் பதில் ஐந்து வாக்கு வந்ததும் எழுதுங்கள். கணக்கு இப்படிப் போகிறது. ஐந்து 'கிணறு' வாக்குகளைக் கண்டு ஒருவர் எழுதிவிட்டார்; பிறகு தலைவர் மாறுகிறார். புதியவர் ஐவரைக் கேட்கிறார். அந்த ஐவரில் நால்வராவது முன்பு 'கிணறு' என்று வாக்களித்தவர்கள். நால்வரில் ஒருவர் பொய்யராகி நாக்கை மாற்றிக்கொண்டாலும் மூவர் மிஞ்சுவர். எதிரே இருவர்தான் இருக்க முடியும். மூன்றுக்கு இரண்டு, பெரும்பான்மை பொய்க்காது. ஒரு சுற்று மிச்சமாயிற்று. அதற்குக் கூலியாக இருவரைக் கூடுதலாக அமர்த்தினோம். பொதுவாகச் சொன்னால், பொய்யர் தொகையை மூன்றுக்குப் பதில் ஐந்தால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும்.

இதற்குக் குறைந்து முடியாது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2021-இல் பீட்டர் குஸ்னெட்சோவ், ஆந்திரே டோன்கிக், யான் ஜாங் ஆகியோர் இரண்டு ஆளைக் குறைக்கலாம் என்று நிறுவினார்கள். ஐந்தால் பெருக்கி ஒன்று கழித்தால் போதும். ஒரு பொய்யருக்கு அந்தக் கணக்கு நான்கு! நாம் தொடங்கிய அதே நால்வர். வெள்ளத்தில் கெட்டுப்போன அதே கதை. அது எப்படி என்று பாருங்கள்.

கபிலன் கையில் இனியனின் கடிதமும் தம்முடைய கடிதமும் இருக்கின்றன. ஒன்றில் 'கிணறு' என்ற முன்மொழிவு; மற்றொன்றில் 'பள்ளி' என்ற முன்மொழிவு. இரண்டிலும் வேலனின் கையொப்பம். ஒரே வரிக்கு இரு முன்மொழிவில் ஒப்பமிட்ட தலைவர் பொய்யர் என்பது ஐயமற வெளிப்பட்டுவிட்டது. பொய்யர் ஒருவரே என்பது நம் ஏற்பாடு. அப்படியானால் வேலனின் சாட்சியத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்புவின் கடிதத்துக்காகக் கபிலன் அச்சமின்றிக் காத்திருக்கலாம். அவர் நேர்மையாளர், என்றாவது கட்டாயம் பதில் வரும். வந்ததும் கிணறு இரண்டு, பள்ளி ஒன்று. அன்பு எழுதியதே நிலைக்கிறது. முன்பு கபிலன் தவறியது, கையிலிருந்த சான்றைப் படிக்காமல் வாக்கை மட்டும் எண்ணியதால்தான். பொய்யர் தம் பொய்யாலேயே பிடிபட்டு எண்ணிக்கையிலிருந்து நீங்குகிறார் என்பதால் ஆள் மிச்சமாகிறது. முரண்பட்ட இரண்டாவது முன்மொழிவே காணப்படாவிட்டால், காணப்பட்ட ஒன்றையே ஏற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தேற்றத்தைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல துப்பறியும் கதையை முடித்த நிறைவு ஏற்பட்டது. ஆனால் கூட்டம் பெருகும்போது சலுகை கரைந்துவிடுகிறது. நூறு உறுப்பினர் கொண்ட அமைப்பு, இரண்டு சுற்று வாக்கெடுத்தால் 33 பொய்யரைத் தாங்கும். ஒரே சுற்றில் முடிக்க வேண்டுமானால் 20 பொய்யரைத்தான் தாங்கும். 33 பேரைத் தாங்கியபடியே ஒரு சுற்றிலும் முடிக்க வேண்டுமானால் 164 உறுப்பினர் தேவை. 0.1 விநாடி மிச்சம் பிடிக்கப் பதின்மூன்று பொய்யருக்குக் கதவைத் திறந்துவிடுவதா என்பதைப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும்.

பத்தாண்டு மறைந்திருந்த ஓட்டை

ஆளையும் கூட்டாமல், தாங்கும் ஆற்றலையும் குறைக்காமல் விரைவைப் பெறும் மற்றொரு வழி உண்டு. எல்லாரும் ஒழுங்காக இருக்கும் நல்ல நாளில் குறுக்கு வழியில் செல்வது; ஏதேனும் கெட்டால் நெடுஞ்சாலைக்குத் திரும்புவது. 2007-இல் வெளியான 'ஸிஸ்ஸிவா' என்ற நெறிமுறை இத்தகையது. (அமெரிக்க வெப்பமண்டலக் கூன்வண்டு ஒன்றின் பெயர் அது.) தலைவர் சொன்ன வரிசையில் எல்லாரும் உடனே செயல்பட்டுவிடுவார்கள். நால்வரும் ஒரே விடை தந்தால் வேலை முடிந்தது. மூவர் மட்டும் தந்தால் இன்னொரு சுற்று.

இதில் முதல் குறை எளிதில் தெரிகிறது. நால்வரில் ஒருவர் தாமதித்தாலே குறுக்கு வழி அடைபட்டுவிடும். நூறு பேர் கொண்ட கூட்டத்தில் நூறு பேரும் சுறுசுறுப்பாக இருக்கும் நாள் எத்தனை? 2009-இல் ஆலன் கிளெமென்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் இவ்வகை விரைவு நெறிமுறைகள் சிலவற்றை வேண்டுமென்றே பழுதாக்கிச் சோதித்தார்கள். ஒரேயொரு உறுப்பினரோ வாடிக்கையாளரோ ஒழுங்கு தவறினாலே போதும், வேகம் படுத்துவிட்டது. பைசாந்தியப் பழுதைத் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டவை, அது இல்லாதபோது மட்டுமே விரைந்தன!

இரண்டாவது குறை எளிதில் தெரியவில்லை. குறுக்கு வழியில் எடுத்த முடிவுக்கு ஒரு வகைச் சான்று. நெடுவழியில் எடுத்ததற்கு வேறு வகைச் சான்று. தலைவர் மாறும்போது இரு வகையும் ஒருங்கே வந்தால் எதை ஏற்பது? அதற்கான விதியில் ஓர் ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட வரிசையில் தலைவர்கள் மாறினால், முடிவான வரி ஒன்று அழிந்து வேறு வரி அதன் இடத்தில் ஏறிவிடும். நம் கதையின் கிணறும் பள்ளியும்தான். 2017-இல், பத்தாண்டு கழித்து, இது வெளிப்பட்டது. அதே அறிக்கை மார்ட்டின்-ஆல்விசி முறையிலும் ஒரு பிழையைச் சுட்டியது. அங்கு முரண்பாடு எழாது, ஆனால் முன்னேற முடியாமல் சிக்கி நின்றுவிடக்கூடும். இந்த அறிக்கையை எழுதிய அறுவரில் ஆல்விசி, மார்ட்டின், கோட்லா ஆகிய மூவர் அந்தப் பழைய முறைகளை வகுத்தவர்களே. தம் கட்டுரையின் பிழையைத் தம் பெயரிலேயே அச்சிட்ட அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அச்சம் நீங்கவில்லை. உலகின் தலைசிறந்த வல்லுநர்கள் படித்துப் பாராட்டிய முறையில் பத்தாண்டு ஓட்டை இருந்தது என்றால், அவசரமாக எழுதப்பட்டுப் பிறர் பணத்தைச் சுமக்கும் மென்பொருள்களில் என்னென்ன இருக்கும்?

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

'காத்திருந்து பார்த்துவிட்டுத் தலைவரை மாற்றுகிறார்கள்' என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன். எவ்வளவு நேரம்? குறைவாகக் காத்தால், தபால் தாமதத்துக்காக நல்ல தலைவரைப் பதவி நீக்குவோம்; புதியவருக்கும் அதே கதி. அதிகமாகக் காத்தால், செத்த தலைவருக்காக அமைப்பே முடங்கிக் கிடக்கும். இதற்குத் தப்பமுடியாத ஓர் அடிப்படைக் காரணமும் உண்டு. செய்தியின் தாமதத்துக்கு எல்லையே இல்லை என்றால், ஒரேயொருவர் நின்றுபோகக்கூடிய நிலையிலும், கட்டாயம் முடிவுக்கு வந்துவிடும் என்று உறுதி தரும் திட்டவட்டமான முறை எதுவும் இருக்க முடியாது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகியோர் நிறுவியது இது. ஆகவே எல்லா முறைகளும் ஒரு சமரசம் செய்துகொள்கின்றன. தபால் எவ்வளவு கெட்டாலும் புத்தகங்கள் முரண்படக்கூடாது. தபால் ஒழுங்காக இருக்கும்போது மட்டும் முன்னேறினால் போதும்.

கடிதங்களின் தொகையும் ஒரு செலவு. நூறு பேரில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் எழுதினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கடிதம். தலைவர் ஒருவரே எல்லா வாக்கையும் திரட்டிக் கட்டாக்கித் திருப்பி அனுப்பினால் இருநூறு போதும். ஆனால் ஒரு தாவல் இரண்டு தாவலாகிவிடும். 2019-இன் 'ஹாட்ஸ்டஃப்' இவ்வழியைத் தேர்ந்தது. தலைவர் மாற்றத்தையும் மலிவாக்க அது ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டதால், மூன்று தாவல் ஏழாயிற்று. ஃபேஸ்புக் நிறுவனம் 2019-இல் அறிவித்த 'லிப்ரா' நாணயத் திட்டம் இதன் அடிப்படையில் அமைந்தது. பின்னர் 'டியம்' என்று பெயர் மாறி, 2022-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதற்குக் காரணம் தாவல்கள் அல்ல.

நாணயங்களின் உலகில்

2009-இல் தொடங்கிய பிட்காயினுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்காமல் சேரலாம் என்ற இடத்தில் தலையை எண்ண முடியாது. அது கணக்கீட்டுப் போட்டி ஒன்றை வைத்து, சராசரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவருக்கு ஏட்டில் எழுதும் உரிமை தருகிறது. எழுதியது நாளாக ஆக உறுதிப்படுமே தவிர, 'முடிந்தது' என்று சொல்லும் கணம் ஒன்று அதில் இல்லை.

தலைக்குப் பதில் முதலீட்டை எண்ணலாம் என்ற ஏற்பாடு வந்தபின் பைசாந்தியக் கணக்கு மீண்டும் அரங்கேறியது. எத்தீரியம் 2022 செப்டம்பரில் இம்முறைக்கு மாறியபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் கணக்குகள் இருந்தன. அத்தனை வாக்கையும் ஒரே மூச்சில் திரட்ட இயலாது. அவற்றைப் பிரித்துத் திரட்டுவதால் ஒரு வரி மாற்றமுடியாததாக ஆவதற்குச் சுமார் 13 நிமிடம் பிடித்தது. எல்லாருக்கும் இடம் கொடுத்ததற்கு அது விலை. 2023 மே 11, 12 தேதிகளில் சில மென்பொருள்கள் பழைய வாக்குகளைச் சரிபார்க்கும் சுமையில் திணறின. போதிய வாக்கு சேரவில்லை. முதல் நாள் அரைமணிக்குச் சற்றுக் குறைவாகவும் மறுநாள் ஒரு மணிக்கு மேலாகவும் எந்த வரியும் உறுதிப்படவில்லை. ஆனால் ஏடு எழுதப்படுவது நிற்கவில்லை. உறுதி பிறகு வந்து சேர்ந்தது. 'முன்னேறுவதா, உறுதியா' என்ற கேள்விக்கு எத்தீரியத்தை வகுத்தவர்கள் சொன்ன விடை அது. வேறு சில தொடர்கள் இத்தகைய நிலையில் முற்றிலும் நின்றுவிடும்படி வகுக்கப்பட்டுள்ளன. எது மேல் என்பது ஏட்டை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. கடையில் காபிக்குக் காசு கொடுப்பவருக்கும், நிலத்தைக் கிரயம் செய்பவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

விரைவை நாடும் பக்கத்தில், சொலானா தொடருக்காக 2025 மே மாதம் 'ஆல்பன்குளோ' என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. இதில் இரு வழிகளும் ஒருங்கே ஓடுகின்றன. முதல் சுற்றிலேயே 80 சதவீத வாக்கு சேர்ந்தால் அங்கேயே முடிந்தது. 60 சதவீதந்தான் சேர்ந்தது என்றால் இரண்டாவது சுற்றில் முடியும். கொடுத்த விலை நமக்கு இப்போது பழக்கமானதே. மூன்றில் ஒரு பங்குப் பொய்யரைத் தாங்கும் ஆற்றலை விட்டு, ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. அதற்கு ஈடாக, பொய் சொல்லாமல் வெறுமனே நின்றுபோன கணிப்பொறிகள் மேலும் 20 சதவீதம் இருந்தாலும் தாங்கும். துரோகத்தைவிட மின்தடையும் பழுதுமே நாள்தோறும் நிகழ்பவை என்பது இதை வகுத்தவர்களின் வாதம்.

அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் எனக்கு ஒரு தயக்கம். 20 சதவீதம் என்பது தலைக்கணக்கு அல்ல, பணக்கணக்கு. சில பெரிய கைகள் சேர்ந்தாலே அது நிறைந்துவிடலாம். மேலும் இந்தக் கணக்குகள் எல்லாம் பழுதுகள் தனித்தனியே நிகழும் என்று கொள்கின்றன. எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே மென்பொருள் ஓடினால், அதிலுள்ள ஒரு பிழை எல்லாரையும் ஒரே நொடியில் பொய்யராக்கிவிடும். அப்போது மூன்றில் ஒன்றானால் என்ன, ஐந்தில் ஒன்றானால் என்ன?

மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு ஒன்றைச் செய்து பார்க்கலாம். பொய்யர் இருவர், அவர்களில் ஒருவர் தலைவர். உறுப்பினர் எட்டுப் பேர் என்று வைத்து, ஆறு வாக்கு வந்ததும் எழுதுவது என்ற விதிப்படி ஒரே சுற்றில் முடித்துப் பாருங்கள். இரட்டைக் கையொப்பமிட்ட தலைவரை நீக்கிவிட்டு, புதிய தலைவர் மற்ற ஆறு பேரின் பதிலை எண்ணட்டும். மோசமான நிலையில் மூன்றுக்கு மூன்று என்று முட்டி நிற்பதைக் காண்பீர்கள். ஒன்பதாவது ஆளைச் சேர்த்து, இரு இடத்திலும் ஏழு என்று மாற்றிக்கொண்டு மீண்டும் எண்ணுங்கள். நான்குக்கு மூன்று என்று வரும்.